மூன்றாம் இலக்க நீதிமன்றம், புதுக்கடை

இருபத்தோராவது வருடமாக
இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்று சம்பளம் வாங்குகிறேன்.
காணித் தகராறு, காசோலை மோசடி,
கோழி திருடியவன், கோழிக்குச் சொந்தக்காரன்,
எல்லோருடைய வாயும் என் வாயில் இருந்திருக்கிறது.
இன்று பதினொன்று பத்துக்கு
முத்தையா யோகமலர், வயது முப்பத்திரண்டு,
இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடை வேலை,
கூண்டில் ஏறினாள். காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு.

குற்றப்பத்திரம் சிங்களத்தில் இருந்தது.
சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டான்,
பிரிவு இலக்கம் இங்கேயே தங்கிவிட்டது.
தாயின் உயிரைக் காக்கும் நோக்கம் தவிர, என்கிறது அது.
தமிழில் சொன்னேன்.
உயிர் என்றால் மூச்சு மட்டுமா என்று
சட்டமும் சொல்லவில்லை, நானும் சொல்லக் கூடாது.

பிறகு அந்த வினைச்சொல் வந்தது.

நம் மொழியில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.
கலைந்தது என்றால் அனுதாபம்.
கலைத்தது என்றால் பொலிஸ்.
நடுவில் கிடக்கும் அந்த ஒற்றை மெய்யெழுத்தைத்தான்
அரசாங்கம் துவக்கோடு காவல் காக்கிறது.

எனக்கு இரண்டு தடவை கலைந்தது.
கொட்டாஞ்சேனை வீட்டுக்கு
நெஸ்டமோல்ட் டின்னோடு ஆட்கள் வந்தார்கள்.
இரண்டாவதற்கு நான் பெயர்கூட வைத்திருந்தேன்,
கணவருக்கும் சொல்லாமல்.
ஆகவே அங்கே ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால்
என்னால் தலையாட்ட முடியாது.
ஆனால் அந்தப் பெயரை
ஒரு சார்ஜன்ட் நீலப் பேனையால் எழுதியிருந்தால்?
வார்ட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து
எந்த எழுத்து, எந்த எழுத்து என்று கேட்டிருந்தால்?

"ஏன் செய்தீர்?" என்றார் நீதவான், களைத்த குரலில்.
யோகமலர் என்னைப் பார்த்துச் சொன்னாள்:
"எங்கம்மாவுக்கு லயத்துக்கு வேன் அனுப்பி
கட்டுப்பாடு பண்ணி வுட்டாங்க.
ஐந்நூறு ரூபா. கைநாட்டு.
அம்மா ஏன்னு கேக்கல, அவங்களும் சொல்லல.
எனக்கு மட்டும் ஏன்னு கேக்குறீங்க.
ரெண்டு புள்ளைங்க இருக்கு. அவரும் நானும்
மூணு ராத்திரி தூங்காம பேசினோம்.
அது எங்க வீட்டுப் பேச்சுங்க.
நாந்தான் கலைச்சேன்."

மின்விசிறி ஒரு சுற்று வர எடுக்கும் நேரம்
பேசாமல் நின்றேன்.
தானாகப் போனது, போக்கியது;
சிங்களத்திலும் அதே ஒழுங்கை உண்டு,
திரும்பிவிட்டால் யாருக்குத் தெரியும்?
தமிழ் தெரிந்த ஒரே சட்டத்தரணி
போனில் விரல் தேய்த்துக்கொண்டிருந்தார்.
அவள் ஒளிக்காததை நான் ஒளிப்பது
இன்னொரு வகைத் திருட்டு என்று பட்டது.
அல்லது அது வெறும் பயம். இன்னும் தெரியவில்லை.
சரியாகவே சொன்னேன்.
வீட்டுப் பேச்சு என்பதற்குத்தான் சொல் வரவில்லை,
குடும்ப விடயம் என்றேன்.
பதிவாளர் அதைத் தட்டச்சு செய்யவில்லை.

சரீரப் பிணை. தவணை பதினெட்டாம் திகதி.
வெளியே அவள் புருஷன்
சின்னவளுக்கு மாரி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து
ஊட்டிக்கொண்டிருந்தான்.
அன்று கூடப் போனவன், குடை பிடித்தவன்,
காசை எண்ணிக் கொடுத்தவன்.
அவன் பெயர் ஒரு தாளிலும் இல்லை.

பிஸ்கட் உறையின் உட்பக்கம்
திகதியை எழுதிக் கொடுத்தேன்.
"பதினெட்டு புதன்கிழமைங்களா?
மூத்தவன பள்ளிக்கூடத்துலருந்து
யாருங்க கூட்டிட்டு வருவா?"
என்னிடம் கேட்டாளா, கட்டடத்திடம் கேட்டாளா,
தெரியாது.
அதை மொழிபெயர்க்கச் சொல்லி
யாரும் என்னைக் கேட்கவில்லை.